மன்னித்துவிட்டால் பணத்தைக் கேட்கக் கூடாதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. கணவரின் தங்கை பிடித்த சீட்டில் மாதம் 25,000 ரூபாய் வீதம் 24 மாதம் கட்டினார். தன் முறை வந்தபோது 6 லட்சமும் இல்லை என்றாகிவிட்டது. ஒரு வருடமாக 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்ற பதில்தான். இருவரும் ஒரே சபை. பாஸ்டரிடம் சொன்னபோது, "மன்னித்து விட்டுவிடுங்கள், பொலிஸ், கோர்ட் என்று போனால் சாட்சி கெட்டுப்போகும்" என்றாராம். கேள்விகள் மூன்று: மன்னித்தால் பணத்தைக் கேட்கக் கூடாதா? மச்சாளைக் கண்டதும் நெஞ்சு கொதிக்கிறதே, அப்படியானால் நான் மன்னிக்கவில்லையா? இந்த மனதோடு திருவிருந்து எடுக்கலாமா?

இறையியல் படிப்பும், சபைகளுக்குள் இப்படியான பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் வேலையில் கழிந்த ஆண்டுகளும் தந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டம் வரும் இடங்களில் பொதுவிதியை மட்டும் சொல்வேன், உங்கள் கணக்குப் புத்தகத்தோடு ஒரு சட்டத்தரணியை ஒருமுறை பாருங்கள்.

சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தை நம் கத்தோலிக்கர், "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று செபிக்கிறார்கள். மற்றச் சபையார் பழைய மொழிபெயர்ப்பின்படி, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறார்கள். மத்தேயுவின் கிரேக்கத்தில் அங்கே இருப்பது உண்மையில் கடன் என்ற சொல்தான். மன்னிப்புக்கு வரும் வினைக்கு விட்டுவிடுதல், போகவிடுதல் என்று பொருள். பொறுத்தல் என்ற தமிழ்ச் சொல் அழகானதுதான். ஆனால் நம் வீடுகளில் "பொறுத்துப் போ" என்ற பேச்சு அநேகமாக எப்போதும் பலம் குறைந்தவரைப் பார்த்தே சொல்லப்படுகிறது. மருமகளிடம் சொல்வார்கள், பணம் கொடுத்து ஏமாந்தவரிடம் சொல்வார்கள். ஏமாற்றியவரிடம் "திருப்பிக் கொடு" என்று அதே குரலில் சொல்வது அபூர்வம். அந்த வழக்கத்தை எடுத்து வேதத்தின் மேல் ஒட்டிவிட்டு இதுதான் மன்னிப்பு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

வேதத்தில் மன்னிப்பும் தட்டிக்கேட்பதும் ஒரே வசனத்துக்குள் சேர்ந்து வருகின்றன. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறது லூக்கா 17:3. இதன் வேர் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிறனிடம் அன்புகூரு என்ற புகழ்பெற்ற கட்டளை வருவது 18ஆம் வசனத்தில். அதற்கு முந்திய வசனம், சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள் என்கிறது. உள்ளே பகையை வளர்த்துக்கொண்டு வெளியே பேசாமல் இருப்பதற்கு மாற்றாகத்தான் நேரில் பேசுவது வைக்கப்பட்டிருக்கிறது. இயேசுவே அறை வாங்கியபோது என்ன செய்தார் என்று யோவான் 18:23 சொல்கிறது: நான் தகாததைப் பேசியிருந்தால் அதை நிரூபி, தகுதியாய்ப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, கேள்வியை விழுங்கவும் இல்லை. பவுல் பிலிப்பியில் விசாரணையின்றி அடிபட்டபின், இரகசியமாக விடுதலை செய்யப் பார்த்த அதிகாரிகளை, தாங்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று நிறுத்திவைத்தார் (அப்போஸ்தலர் 16:37). பிற்பாடு ரோமப் பேரரசனான இராயனிடம் மேல்முறையீடும் செய்தார்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில் நிச்சயமானது. கேட்கலாம். கடனைக் கேட்பது மன்னிப்புக்கு விரோதம் இல்லை. விரோதமானது பழி. ரோமர் 12:19 தடுப்பது அதைத்தான். அடுத்த அதிகாரத்திலேயே, தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரியைப் பவுல் தேவஊழியக்காரன் என்கிறார். தண்டிக்கும் வேலை உங்கள் கையிலிருந்து எடுக்கப்பட்டு வேறு கையில் கொடுக்கப்படுகிறது. இந்த ஊரில் நாம் இதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தபின், கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று தம் மக்களைத் தடுத்தார். அதே திருச்சபை விசாரணை கேட்பதையும் விடவில்லை. பாதிக்கப்பட்டவர்களும் குருக்களும் உட்படப் பலர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில் 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. கையை ஓங்காததும் நீதி கேட்டதும் ஒரே விசுவாசத்திலிருந்து வந்தவை.

உங்கள் பாஸ்டர் மனதில் வைத்திருப்பது 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரமாக இருக்கலாம். அதை இலேசாகத் தள்ளக் கூடாது. விசுவாசிகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடுவதைப் பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார், "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்றும் கேட்கிறார். ஆனால் அதற்கு இரண்டு வசனம் முன்னே சபையைப் பார்த்து, சகோதரருடைய வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று வெட்கப்படுத்துகிறார். அடுத்த வசனத்தில் திரும்பி, நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள் என்று ஏமாற்றியவர்களைச் சாடுகிறார். நடுவிலுள்ள ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து ஏமாந்தவரிடம் நீட்டினால், சபை தன் பங்கைச் செய்யாமல் தப்பித்துக்கொள்கிறது என்றுதான் அர்த்தம். கோர்ட்டுக்குப் போகாதே என்று சொல்லும் சபை, "வாருங்கள், இருவரையும் உட்காரவைத்துக் கணக்குப் பார்க்கிறோம்" என்றும் சொல்லியாக வேண்டும். அந்த அதிகாரம் மோசடிக் குற்றங்களையும் உள்ளடக்குமா, சிறு பணத் தகராறுகளை மட்டுமா என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. "அற்ப வழக்குகள்" என்று பவுல் சொல்வதால் பின்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் இது என் கணிப்பு.

இனி நடைமுறை. மத்தேயு 18:15-17 மூன்று படிகளைத் தருகிறது: தனியே, ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபை. நம்மிடையே இது அநேகமாகத் தலைகீழாக நடக்கிறது. முதலில் உறவினர் வட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. பிறகு ஜெபக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வருகிறது. சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியாகத்தான் தெரியவருகிறது. அதற்குள் மானம் போனவர், கடனைப் பற்றிப் பேசாமல் மானத்தைப் பற்றியே பேசுவார். படி மாறினால் காரியம் கெடுவது இதனால்தான்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் திகதி, எவ்வளவு, யார் முன்னிலையில், அவர் சொன்ன வார்த்தை என்ன. எழுதியபின், உங்களுக்குத் தெரியாமல் நீங்கள் ஊகித்தவற்றைக் கோடிட்டு அடியுங்கள். 'ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றத் திட்டமிட்டாள்' என்பது ஊகம். அடுத்தவர்கள் கட்டாமல் விட்டதால் அவரும் சிக்கியிருக்கலாம், அல்லது உங்கள் பணத்தால் வேறு கடனை அடைத்திருக்கலாம். பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக் காலை 6 லட்சமும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால், அவர் ஊரின் முன் தலைகுனிய வேண்டும் என்ற ஆசை எனக்கு மிச்சமிருக்குமா? இருக்கும் என்றால் போகும் நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அந்த ஆசைதான் விடப்பட வேண்டிய பழி. பணம் வேறு கணக்கு.

நேரில் போங்கள், தனியே. தொலைபேசி வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் பிடிக்காதீர்கள். செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் பேசாதீர்கள். அவர் பிள்ளைகள் முன் பேசவே கூடாது. கால்மணி நேரம் போதும். நடந்தது என்ன, அதனால் உங்களுக்கு என்ன ஆனது, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மூன்றே வாக்கியங்களில் சொல்லிவிட்டு, "உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள். பலர் தவறுவது அந்த மௌனத்தில்தான். நிரப்பத் தொடங்கி, பத்து வருடப் பழைய கதையெல்லாம் வெளியே வந்துவிடும்.

அந்த முதல் சந்திப்பில் "நான் உங்களை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லி ஆரம்பிக்காதீர்கள். தவறை ஒப்புக்கொள்ளாதவருக்கு அது அவமானமாகக் கேட்கும். ஒப்புக்கொள்ள ஆயத்தமாக இருப்பவருக்கோ, கடனைத் தள்ளிவிட்டீர்கள் என்று கேட்கும். பிற்பாடு பணத்தைக் கேட்டால் "அன்றைக்கு மன்னித்தேன் என்றீர்களே" என்பார், அதில் நியாயமும் இருக்கும். "உங்கள் மேல் வன்மம் வைக்க நான் விரும்பவில்லை, ஆனால் இந்தப் பணத்தை எப்படித் தருவீர்கள் என்று பேசவேண்டும்" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

அது பலிக்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிப்போங்கள். உங்கள் அண்ணனை வேண்டாம், அதே சீட்டில் பணம் விட்ட இன்னொருவரையும் வேண்டாம். மச்சாள் மதிக்கிற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் வருவது உங்கள் பக்கம் பேச இல்லை. பேசப்பட்டது என்ன என்பதற்குச் சாட்சியாக. ஒரு ஏற்பாடு வந்தால் அங்கேயே எழுதுங்கள்: மொத்தத் தொகை, மாதத் தொகை, எந்தத் திகதி, எந்த வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், சாட்சிகள். மாதத் தொகை அவரால் உண்மையில் கட்டக்கூடியதாக இருக்கட்டும். மாதம் 15,000 என்றால் 40 மாதம் ஆகும்; நீளம்தான், ஆனால் 50,000 என்று எழுதி மூன்றாம் மாதம் உடைந்துபோவதை விட மேல். கையில் காசாக வாங்காதீர்கள். வங்கிப் பதிவு இருவரையும் சந்தேகத்திலிருந்து காக்கும்.

எழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வாய்ப்பேச்சில் நடந்த உடன்பாட்டின் மேல் வழக்கிடப் பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம், எழுத்திலான உடன்பாட்டுக்கு 6 ஆண்டு. கடனை எழுத்தில் ஒப்புக்கொள்வதும், ஒரு பகுதியைக் கட்டுவதும் அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்கவைக்கலாம். உங்களுக்கு ஏற்கனவே ஒரு வருடம் போய்விட்டது. "ஜெபித்துக் காத்திருங்கள்" என்ற ஆலோசனையால் உரிமையை இழந்து, பிறகு அந்தக் கசப்போடு வாழ்கிறவர்கள் உண்டு. அந்தக் கசப்பை மன்னிப்பு என்று அழைக்க முடியாது.

கோர்ட்டுக்கும் சபைக்கும் நடுவில் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் கூடும். சட்டத்தரணிகள் உங்களுக்காக அங்கே தோன்ற முடியாது. நீங்கள் ஒரு மத்தியஸ்தரையும் அவர் ஒருவரையும் தெரிவுசெய்ய, மூன்றாமவரை அந்த இருவரும் சேர்ந்து தெரிவார்கள். குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட பணப் பிணக்குகள் முதலில் அங்கே போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்றால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். உங்கள் தொகை அதற்குள் வருமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பவுல் தேடிய விவேகி சபைக்குள் கிடைக்காவிட்டால், இந்த மேசையில் உட்காருவதில் எந்தச் சாட்சியும் கெடாது.

பொலிஸுக்குப் போவதும் தன்னளவில் பாவம் இல்லை. போகும் விதத்தில் பாவம் புகுந்துவிடலாம். நடந்ததற்கு மேல் ஒரு வரி கூட்டி எழுதுவிப்பது, தெரிந்த ஆளைப் பிடித்து வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்து உள்ளே போடவைத்து 'சனி, ஞாயிறு இருக்கட்டும்' என்று திருப்திப்படுவது, அதெல்லாம் சட்டத்தின் உடை போட்ட பழி.

முழுவதும் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். மத்தேயு 18இன் உவமையில் எஜமான் 10,000 தாலந்தைத் தள்ளிவிடுகிறார். ஒரு தாலந்து 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. ஆறு கோடி நாள் கூலி. அந்த ஊழியன் தன் தோழனிடம் கழுத்தைப் பிடித்துக் கேட்டது 100 தெனாரி. அது அற்பத் தொகை இல்லை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம். உங்கள் நஷ்டம் சின்னது என்று அந்தக் கதை சொல்லவில்லை. அதைவிடப் பெரியது உங்களுக்குத் தள்ளப்பட்டது என்கிறது. ஆகவே ஒரு விசுவாசி அந்த நன்றியில் பணத்தை விட்டுவிடலாம். ஆனால் அது கட்டாயத்தால் வரக் கூடாது. கணவரும் நீங்களும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் விட முடியும், அதே சீட்டில் ஏமாந்த அடுத்த வீட்டுக்காரரின் பங்கை விட முடியாது. விட்டபின் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பிறகு ஒருபோதும் அதைத் தூக்கிக் காட்டாதீர்கள். பணத்தை விட்டுவிட்டு, அதைப் பத்து வருடம் பேச்சில் வசூலிப்பது மிகக் கொடிய வட்டி.

அவர் மனம் வருந்தினால் அதன் அடையாளத்தையும் வேதம் சொல்கிறது. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். திருடியதை ஈடுசெய்வது கத்தோலிக்கப் போதனையிலும் கடமைதான். "மன்னியுங்கள்" என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்தது என்று ஏமாற்றியவர் நினைத்தால், அவரைக் கண்டிக்க வேண்டிய பொறுப்பு சபைக்கு உண்டு.

அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் மன்னிக்க வேண்டுமா என்பதில் நல்ல விசுவாசிகளே பிரிந்து நிற்கிறார்கள். லூக்கா 17 மனஸ்தாபத்தை நிபந்தனையாக வைக்கிறது. மாற்கு 11:25 நின்று ஜெபிக்கும்போதே மன்னி என்கிறது, நிபந்தனை எதுவும் இல்லை. நான் இரண்டையும் இப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்கிறேன்: வன்மத்தை விடுவது உங்கள் ஒருவரால் முடியும், இன்றைக்கே தொடங்கலாம், உறவு திரும்ப இருவர் வேண்டும், நம்பிக்கை திரும்பக் காலம் வேண்டும். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது இரண்டு தரம் கொல்லாமல் விட்டான். சவுல் தன் பாவத்தை ஒப்புக்கொண்டு "திரும்பி வா" என்றபோதும் கூடப் போகவில்லை. தாவீது தன் வழியே போனான் என்று 1 சாமுவேல் 26:25 எழுதிவைத்திருக்கிறது. நீங்கள் மன்னித்தபின் அடுத்த சீட்டில் சேர மறுத்தால், அது வன்மம் ஆகாது. பவுலும் தனக்கு வெகு தீமை செய்த கன்னான் அலெக்சந்தரைக் கர்த்தர் கையில் விட்டுவிட்டு, தீமோத்தேயுவிடம் அவனைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறார்.

கன்னத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். மத்தேயு 5:39 வலது கன்னம் என்று குறித்துச் சொல்கிறது. வலக்கைக்காரர் எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் அறைவது புறங்கையால்தான். யூதச் சட்டமரபில் அதற்கு உள்ளங்கை அறையை விட இரட்டிப்பு அபராதம், ஏனெனில் அது அவமதிப்பு. அந்த வசனம் முதன்மையாக அவமானத்துக்குப் பதில் அவமானம் செய்யாமை பற்றியது என்று பலர் வாசிப்பது இதனால். மெனோனைட் போன்ற சபைகள் அதை இன்னும் அகலமாக, எந்த வன்முறைக்கும் பொருத்துகின்றன. தலையின்மேல் அக்கினித்தழல் குவிப்பது என்ற ரோமர் 12:20இன் உருவகமும் வெட்கத்தைக் குறிக்கிறதா நியாயத்தீர்ப்பையா என்பது தீர்ந்த விஷயம் இல்லை. பசித்தவனுக்குச் சோறு கொடு என்ற முதல் பாதியில் மட்டும் சந்தேகம் இல்லை. மச்சாள் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் போய்ப் பாருங்கள்.

உங்கள் காரியம் பணம். வாசிக்கிறவர்களில் யாருக்காவது காரியம் அடியாக இருந்தால், மேலே சொன்ன படிகள் உங்களுக்கு இல்லை. அடிக்கிறவனிடம் தனியே போய்ப் பேசாதீர்கள். ஈட்டி எறிந்த சவுலிடமிருந்து தாவீது ஓடினான். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு நேரும் தீங்குக்கு 1929. பிள்ளைக்கு நடந்த தீங்கைச் சபைக்குள் பேசி முடிக்க எந்த ஊழியருக்கும் உரிமை கிடையாது.

நெஞ்சுக் கொதிப்புக்கு வருகிறேன். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2843ஆம் பத்தி, பிறர் நமக்குச் செய்த குற்றத்தின் வலியை உணராமல் இருப்பதும் அதை மறப்பதும் நம் வசத்தில் இல்லை என்று நேராகவே சொல்கிறது. எந்தச் சபையாரும் இதை எடுத்துக்கொள்ளலாம். கொதிப்பு காயத்தின் அடையாளம். அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். அவருக்கு உறைக்கட்டும் என்று வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போடுகிறீர்களா? பிள்ளைகளை மாமி வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்கிறீர்களா? அவர் கடை நட்டப்பட்டது என்று கேட்டு உள்ளே இனிக்கிறதா? இவை இருந்தால் அங்கே வேலை இருக்கிறது. சங்கீதம் 55ஐச் சத்தமாக வாசியுங்கள். "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று தோழனின் துரோகத்தைத் தேவனிடமே முறையிடுகிற பாட்டு அது. பிறகு அவர் பெயரைச் சொல்லி, அவருக்குத் தேவையான ஒரு நன்மையை மட்டும் கேளுங்கள். அவர் கடன் அடையட்டும், அவர் மகள் பரீட்சை எழுதட்டும் என்று. நீளமாக வேண்டாம், தினமும் வேண்டும். முதல் வாரங்களில் வாய்தான் சொல்லும், மனம் வராது. அது மாய்மாலம் இல்லை. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு ஏழெழுபதுதரம் என்று சொன்னது வேறு வேறு குற்றங்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். ஒரே குற்றம் நினைவில் திரும்பத் திரும்ப வரும்போதும் அத்தனை தரம் தேவைப்படுகிறது.

திருவிருந்து எடுக்கலாமா என்றால், மத்தேயு 5:23ஐ ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொல்வது, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால். அதாவது நீங்கள் யாருக்காவது தவறு செய்திருந்தால். தவறு செய்யப்பட்டவரைப் பந்தியிலிருந்து தள்ளும் வசனம் அது இல்லை. மன்னிக்க மறுத்து வன்மத்தில் நிலைத்திருப்பவருக்கு எச்சரிக்கை வேறு இடங்களில் உண்டு. மன்னிக்கப் போராடிக்கொண்டு கேள்வி கேட்கும் நீங்கள் அதில் சேரவில்லை. இந்த ஞாயிறு எடுங்கள். அதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: இந்த ஒரு வருடத்தில் உறவினர் குழுவில் மச்சாளைப் பற்றி நடந்ததற்கு மேலாக ஏதாவது எழுதினீர்களா? எழுதியிருந்தால், பணத்தைப் பற்றிப் பேசப் போகும் நாளுக்குக் காத்திராமல், சனிக்கிழமையே ஒரு அழைப்பெடுத்து அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.